புதிர் படித்த பிள்ளை புதையலுக்கு ஏமாறாது

(திருச்செந்தூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஆசிரியர்களும் பெற்றோர்களும் நிறைந்திருக்கும் அவை இது. எனவே முகவுரையை வளர்க்காமல் பொருளுக்கு வருகிறேன். படத்துக்குள் எதையாவது ஒளித்துவைத்துக் கண்டுபிடிக்கச் சொல்லும் புத்தகங்கள் மீதும், துப்புச் சீட்டு கொடுத்து ஊருக்குள் தேடச் சொல்லும் விளையாட்டுகள் மீதும் பிள்ளைகளுக்கு ஒரு பித்து உண்டு. நம் பிள்ளைகளின் அந்தப் பித்துக்குத் தலைமுறை தலைமுறையாகத் தீனி கிடைத்து வந்திருக்கிறது. பாட்டிமார் போட்ட அழிப்பாங்கதை, வார இதழ்களின் ஆறு வித்தியாசங்கள், அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தன் தோளில் தொங்கியபடி வேதாளம் கேட்ட கேள்வி, சிறுவர் இதழ்களில் வந்த வழி கண்டுபிடிக்கும் படங்கள் என்று அந்த வரிசை நீளமானது. பெரியவர்கள் இதை இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள். வெறும் பொழுதுபோக்கு, வயது ஏறினால் தானே போய்விடும் என்று விட்டுவிடுகிறவர்கள் ஒரு சாரார். புதையல், பரிசு என்று பேசிப் பேசி, உழைக்காமல் கிடைக்கும் செல்வத்தின் மேல் பிள்ளைக்கு ஆசையை ஊட்டுகிறோமே என்று அஞ்சுகிறவர்கள் மற்றொரு சாரார். அஞ்சுகிறவர்களை நான் மதிக்கிறேன், ஏனென்றால் அவர்களாவது இதைப் பொருட்டாக எண்ணுகிறார்கள். ஆனாலும் என் முடிவு அவர்களுடையதற்கு நேர் எதிரானது. நேர்மையாகச் செய்யப்பட்ட ஒரு புதிர், சான்று எது, நம் விருப்பம் எது என்று பிரித்துப் பார்க்கப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கிறது. புதையல் ஆசைக்கு அதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

உலகம் அறிந்த ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகவே பார்ப்போம். 1979இல் இங்கிலாந்தில் கிட் வில்லியம்ஸ் என்ற ஓவியர் ‘மாஸ்கரேட்’ என்றொரு சிறுவர் நூலை வெளியிட்டார். நிலவு சூரியனுக்கு அனுப்பும் பரிசைச் சுமந்து போகும் முயலின் கதை அது. மொத்தம் 15 ஓவியங்கள், ஒவ்வொன்றையும் சுற்றி எழுத்துகளால் ஆன ஒரு சட்டம். பொன்னால் தாமே ஒரு முயலைச் செய்து, அதைச் சுட்ட மண் கூட்டில் அடைத்து, சாட்சிக்கு ஒருவரை அழைத்துப் போய் மண்ணில் புதைத்துவிட்டு, இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய அனைத்தும் இந்த நூலுக்குள்ளேயே இருக்கிறது என்று அறிவித்தார். நூல் லட்சக்கணக்கில் விற்றது. விடை கண்டுவிட்டதாக எழுதியவர்களின் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. தெரிந்த குன்று, தெரிந்த குளம் என்று யார் எதை நினைத்தார்களோ அதையே அவர்கள் படத்தில் கண்டார்கள். சிலர் கண்ட இடத்தையெல்லாம் தோண்டவும் செய்தார்கள். உண்மையான வழி வேறு. ஓவியத்தில் இருக்கும் உயிர்களின் கண்ணிலிருந்து கையின் நீண்ட விரல் வழியாக ஒரு கோடும், காலின் பெருவிரல் வழியாக ஒரு கோடும் இழுத்தால், அவை சட்டத்தில் உள்ள ஏதோ ஓர் எழுத்தில் போய் முட்டும். முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம். அப்படிக் கிடைக்கும் எழுத்துகளைக் கூட்டினால் ஓவியத்துக்கு ஒரு சொல்லோ தொடரோ அமையும். பதினைந்தும் சேர்ந்து, ஆம்ப்ட்ஹில் என்ற ஊரின் பூங்காவில் அரசி கேதரின் நினைவாக நிற்கும் சிலுவைத் தூணைச் சுட்டின. பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளின் உச்சிப்பொழுதில் அந்தத் தூணின் நிழல் முனை விழும் இடமே முயல் இருக்கும் இடம்.

இப்படிக் கோடு போட்டால் எதையும் வரவழைத்துவிடலாமே, இது தற்செயலாக இருக்கக் கூடாதா என்று கேட்கத் தோன்றும். கேட்கத்தான் வேண்டும், அந்தக் கேள்வியில்தான் என் வாதத்தின் உயிர் இருக்கிறது. ஓவியர் அதற்கும் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். கிடைத்த 15 சொற்றொடர்களின் முதலெழுத்துகளை வரிசையாகக் கோத்தால், ‘ஆம்ப்ட்ஹில் அருகே’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் சரியாக 15 எழுத்தில் வந்து நிற்கிறது. ஒரு வழியில் கிடைத்த விடையை அதைச் சாராத இன்னொரு வழி உறுதி செய்கிறது. மூட்டை மூட்டையாக வந்த தவறான விடைகளில் இல்லாதது இந்த இரண்டாவது சான்றுதான். மைக் பார்க்கர், ஜான் ரூசோ என்ற இரண்டு இயற்பியல் ஆசிரியர்கள் 1982இல் முறையாக இந்த விடைக்கு வந்து சேர்ந்தார்கள். ஆனால் அவர்களை முந்திக்கொண்டு வேறொருவர் முயலைத் தோண்டி எடுத்துப் போயிருந்தார். ஓவியரோடு முன்பு பழகிய ஒருவர் வழியாக இடம் கசிந்ததும், வந்தவர் பொய்ப் பெயரில் வந்ததும் 1988இல் லண்டனின் ஒரு ஞாயிறு செய்தித்தாளில் அம்பலமாயின. பார்த்தீர்களா, கடைசியில் ஏமாற்றுக்காரன்தானே வென்றான், இதைப் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாமா என்று கேட்கலாம். தாராளமாகச் சொல்லலாம். பொன் அவரிடம் போனது, புதிரை அவிழ்த்த வழி அவரிடம் இல்லை. இன்றைக்கும் ‘மாஸ்கரேட்’ புதிரை விடுவித்தவர்கள் என்று புதிர் அறிந்தவர்கள் சொல்வது அந்த இரண்டு ஆசிரியர்களின் பெயரைத்தான். விடை வேறு, விடைக்கு வந்த வழி வேறு என்பதைப் பத்து வயதில் ஒரு பிள்ளை இந்தக் கதையிலிருந்து புரிந்துகொண்டால், கணக்கில் விடையை மட்டும் பார்த்து எழுதும் பழக்கம்கூட அதற்குக் கூச்சமாகிவிடும்.

இது வெள்ளைக்காரன் கண்ட வேடிக்கை, நமக்கு எதற்கு என்று யாரும் எண்ண வேண்டாம். இங்கிருந்து நெல்லைச் சாலையில் போனால் வருவது ஆழ்வார்திருநகரி. 16ஆம் நூற்றாண்டில் அந்த ஊரில் வாழ்ந்த திருக்குருகைப் பெருமாள் கவிராயர் ‘மாறனலங்காரம்’ என்ற அணியிலக்கணம் செய்தார். நம்மாழ்வாரைப் பாட்டுடைத் தலைவராக வைத்து எழுதிய அந்த நூலில், எழுத்துகளைப் படத்திலும் கட்டத்திலும் அடைத்துப் பாடும் சித்திரக்கவிகளுக்குப் பெரிய இடம் உண்டு. அவருக்கு முன்பே தண்டியலங்காரம் கோமூத்திரி, மாலைமாற்று, சக்கரம், சுழிகுளம், நாகபந்தம் என்று அவற்றுக்கு இலக்கணம் சொல்லியிருந்தது. நாகபந்தத்தை மட்டும் அருகில் வைத்துப் பாருங்கள். இரண்டு பாம்புகள் ஒன்றையொன்று பின்னிக் கிடக்கும் படம். பாம்புக்கு ஒன்றாக இரண்டு வெண்பாக்களை எழுத்து எழுத்தாக உடலில் அடைக்க வேண்டும். உடல்கள் குறுக்கிடும் இடத்தில் கட்டம் ஒன்றுதான் இருக்கும். அதில் விழும் எழுத்து இரண்டு பாட்டுக்கும் பொருந்த வேண்டும். ஓர் எழுத்தை மாற்றி அடைத்தால் ஒரு பாட்டு சிதையும், சிதைந்த இடம் கண்ணுக்குத் தெரியும். காதை கரப்பு என்று ஒன்று உண்டு. ஒரு பாட்டை முழுக்க எழுதிவிட்டு, கடைசியிலிருந்து ஓரெழுத்து விட்டு ஓரெழுத்தாகப் பின்னோக்கிப் படித்தால் இன்னொரு பாட்டு வெளிவரும். எழுத்துக்குள் எழுத்தை ஒளித்துவைக்கும் கலை இங்கிலாந்து ஓவியருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தத் தாமிரபரணிக் கரையில் இலக்கணமாக எழுதி வைக்கப்பட்டிருந்தது. பின்னிருந்து படித்தாலும் மாறாமல் வரும் மாலைமாற்றாக ஞானசம்பந்தர் சீர்காழியில் பாடியதோ ஏழாம் நூற்றாண்டினது. நமக்கு அண்மைக் காலத்தில் பாம்பன் சுவாமிகள் முருகன் மேல் மயூரபந்தமும் சதுரங்கபந்தமும் செய்தார்.

சித்திரக்கவியைப் போய்ப் பாராட்டுகிறீர்களே, அது எழுத்துக் கழைக்கூத்து அல்லவா, அதில் கவிதை எங்கே இருக்கிறது என்று இலக்கியம் அறிந்தவர்கள் கேட்பார்கள். கவிதை என்ற அளவில் அவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. கட்டத்துக்காக எழுத்தையும் எழுத்துக்காகச் சொல்லையும் வளைத்த பாட்டில் உணர்ச்சி வற்றிப்போவது உண்மை. ஆனால் பத்து வயதுப் பிள்ளை அதில் தேடுவது ரசத்தை அன்று. இரண்டு பாம்பும் சந்திக்கும் கட்டத்தில் ஓர் எழுத்து இரண்டு பக்கமும் பொருந்தி உட்காரும்போது, நான் சரி என்று யாரும் சொல்லாமலே அதற்குத் தெரிகிறது. ஆசிரியர் டிக் போட வேண்டாம், விடைப்புத்தகம் புரட்ட வேண்டாம். கவிஞர்களை உண்டாக்கச் சித்திரக்கவி உதவாது என்பதற்காக, சான்றைத் தானே சோதிக்கும் வாசகர்களை உண்டாக்கவும் அது உதவாது என்று முடிவு கட்டிவிட்டோம். பள்ளிப் பாடநூல்களில் அதற்கு ஒரு வரி விளக்கம் இருக்கலாம். பிள்ளை கையில் பென்சில் கொடுத்துப் பாம்பை நிரப்பச் சொல்லும் பக்கம் அல்லவா வேண்டும்?

இனி கடலுக்கு வருவோம். திருச்செந்தூர் முருகன் கோயிலின் வரலாற்றில் ஒரு பெரிய தேடல் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். 1646 முதல் 1648 வரை டச்சுக்காரர்கள் இந்தக் கோயிலைத் தங்கள் பிடியில் வைத்திருந்தார்கள். போகும்போது உற்சவ மூர்த்திகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்றும், நடுக்கடலில் புயல் எழும்பவே அஞ்சிக் கடலில் இறக்கிவிட்டார்கள் என்றும் தல வரலாறு சொல்கிறது. 1653இல் முருக பக்தரான வடமலையப்ப பிள்ளை கனவில் பெற்ற குறிப்போடு படகில் புறப்பட்டார். எலுமிச்சம்பழம் மிதக்கும் இடம், அதற்கு நேர்மேலே கருடன் வட்டமிடும் இடம், அங்கே மூழ்கினால் கிடைக்கும் என்பது குறிப்பு. கிடைத்தது. இதைப் பக்தியோடு கேட்பவர் கேட்கட்டும், வரலாற்றாசிரியர் ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இங்கே நான் சுட்ட விரும்புவது குறிப்பின் அமைப்பை. ஏன் இரண்டு அடையாளங்கள்? கடலில் மிதக்கும் பழம் ஒன்று மட்டும் என்றால் அலை எங்கிருந்தும் கொண்டுவந்திருக்கும். வட்டமிடும் பறவை ஒன்று மட்டும் என்றால் இந்தக் கரையில் பருந்து இல்லாத நாளே இல்லை. ஒன்றையொன்று சாராத இரண்டும் ஓரிடத்தில் கூடும்போதுதான் அது அடையாளமாகிறது. இந்தக் கதையைச் சொல்லி வளர்த்தவர்கள் கடலை அறிந்தவர்கள். கரையில் உள்ள இரண்டு பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் வருமாறு படகை நிறுத்துவது, வேறொரு திசையில் இன்னும் இரண்டை அப்படியே நேர்ப்படுத்துவது, இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் வலையை இறக்குவது என்பது கருவிகள் வருமுன் நம் மீனவர்கள் கடலடிப் பாறைத்திட்டான பாரைக் கண்டுபிடித்த முறை. இந்தக் கோயில் கோபுரமும் மணப்பாட்டுத் திருச்சிலுவைக் கோயிலும் கலங்கரை விளக்கமும் கரைக்கு எவ்வளவு அழகோ, கடலுக்கு அவ்வளவு பயன். ஒரு கோட்டை மட்டும் நம்பிப் போனவன் வெறும் வலையோடு திரும்புவான்.

இப்போது கடுமையான மறுப்புக்கு வருகிறேன். புதிருக்குப் பரிசு வைத்தால் அது சூதாட்டத்தில் போய் முடியாதா? முடிந்திருக்கிறது. குறுக்கெழுத்துப் போட்டிகள் பெரும் பணப்பரிசோடு இந்திய இதழ்களில் கொடிகட்டிப் பறந்த காலம் ஒன்று உண்டு. கட்டங்களை நிரப்பும் குறிப்புகள் இரண்டு மூன்று சொற்களுக்கு இடம் கொடுக்கும்படி எழுதப்பட்டிருக்கும். எது சரியான சொல் என்பதை நடத்துபவர் முத்திரையிட்ட உறைக்குள் வைத்திருக்கும் தாள்தான் சொல்லும். எனவே கூப்பன் கூப்பனாக வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு மாற்றுச் சொல்லை எழுதி அனுப்பினார்கள். 1955இல் நாடாளுமன்றம் பரிசுப் போட்டிகள் சட்டம் இயற்றி, மாதம் 1,000 ரூபாய்க்கு மேல் பரிசு தரும் போட்டிகளைத் தடை செய்தது. போட்டி நடத்திய சமர்பாக்வாலா தொடுத்த வழக்கில் 1957இல் உச்ச நீதிமன்றம் ஒரு தெளிவான கோட்டைப் போட்டது. வெற்றி பெரிதும் திறமையைச் சாராத போட்டிகளுக்குத்தான் அந்தச் சட்டம், திறமையால் வெல்லும் போட்டிகளைச் சூதாட்டத்தோடு சேர்க்க முடியாது என்றது. முத்துக்குளித்துறைக்காரர்களுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முத்துக்குளிப்பில் குளியாளுக்குச் சிப்பியில்தான் பங்கு. திறக்காத சிப்பிகள் கரையில் குவிந்து ஏலம் போகும். கையில் நாலு காசு உள்ளவனும் சில சிப்பிகளை வாங்கி அங்கேயே பிளந்து பார்ப்பான். பாரை அறிந்து மூழ்கியவனுடையது திறமை, மூடிய சிப்பியை வாங்கிப் பிளந்தவனுடையது அதிர்ஷ்டம். 1961க்குப் பிறகு தூத்துக்குடியில் அரசு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. மூடிய சிப்பி விற்கும் கடை மட்டும் வேறு வேறு பெயரில் இன்றைக்கும் நடக்கிறது, செல்பேசியில் பிள்ளைகளுக்கே விற்கிறார்கள். எது புதிர், எது சீட்டு என்று பிரித்தறியப் பிள்ளைக்குத் தெரிய வேண்டுமானால், நல்ல புதிரை அது முன்பே பார்த்திருக்க வேண்டும்.

புதையல் என்ற பேச்சே மண்ணைத் தோண்டும் வெறியை வளர்க்காதா என்பது அடுத்த மறுப்பு. பாழடைந்த கோயில்களின் கருவறைத் தளத்தைப் பெயர்த்துப் போட்டிருக்கும் குழிகளைப் பார்த்தவர்கள் இதைக் கேட்கிறார்கள், கேட்பதில் நியாயம் இருக்கிறது. இதற்கு விடை நம் மாவட்டத்து அகழாய்வு இடங்களான ஆதிச்சநல்லூரிலும் சிவகளையிலும் கிடக்கிறது. 1876இல் ஜெர்மானியரான யாகோர் ஆதிச்சநல்லூரில் தோண்டி, கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டு போனார். 1899 தொடங்கி அலெக்சாண்டர் ரீ அங்கே அகழ்ந்தார். பொன் நெற்றிப்பட்டங்கள் கிடைத்தன, ஊர் பேர் பெற்றது. ஆனால் நம் காலத்தில் இந்த மாவட்டத்தின் பெயரை எல்லாப் பள்ளிகளுக்கும் கொண்டு போனது பொன் அன்று. சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் இருந்த நெல். ஆய்வுக்கூடம் அதன் காலத்தைக் கி.மு. 1155 என்று கணித்ததை 2021இல் தமிழ்நாடு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். புதையல் தேடுகிறவன் அந்தத் தாழியை உடைத்திருந்தால், பொன் இல்லை என்று கண்டதும் உமியை மண்ணில் கொட்டிவிட்டுப் போயிருப்பான். எந்த அடுக்கில், எந்தப் பானைக்குள், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற விவரம் போய்விட்டால் அந்த நெல் வெறும் உமி. பொருளைவிடப் பொருள் கிடந்த இடம் பெரிது என்பதைப் பிள்ளைக்குச் சொற்பொழிவால் புரியவைக்க முடியாது. துப்புகளை வைத்துத் தேடி, ஒன்றைக் கலைத்தால் அடுத்தது கிடைக்காமல் போகும் என்று ஒரு முறை அனுபவித்த பிள்ளைக்குச் சொல்லாமலே புரியும். சட்டத்தையும் கூடவே சொல்லிக்கொடுக்கலாம். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேற்பட்ட எதையும் ஆட்சியரிடம் தெரிவித்தாக வேண்டும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கி உலகெங்கும் பரவிய, செயற்கைக்கோள் குறிப்பை வைத்துப் பெட்டி தேடும் விளையாட்டில்கூட மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது என்பது விதி. நாமும் அந்த விதியையே முதல் விதியாக வைத்துக்கொள்ளலாம்.

செல்பேசியில் ஆயிரம் புதிர் இருக்கும்போது தாளில் எதற்கு என்கிறவர்களுக்குச் சுருக்கமாகவே சொல்கிறேன். செல்பேசிப் புதிரில் சரி என்றால் மணி அடிக்கிறது, தவறு என்றால் சிவப்பு எரிகிறது. அடித்து அடித்துப் பார்த்தே விடைக்கு வந்துவிடலாம். தாள் எதுவும் சொல்லாது. விடை அடுத்த இதழில் என்று போட்டிருந்த காலத்துப் பிள்ளை, ஒரு மாதம் தன் விடையைத் தானே சந்தேகித்துச் சந்தேகித்துச் சோதித்தது. அந்த ஒரு மாதத்தை எந்த நிறுவனமும் விற்பனைக்கு வைத்திருக்கவில்லை.

ஆகவே ஆசிரியப் பெருமக்களிடமும் ஓவியர்களிடமும் அச்சகம் நடத்துகிற நண்பர்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்த ஊருக்கென்று ஒரு படப்புதிர் நூல் செய்யுங்கள். பொருளுக்குப் பஞ்சமில்லை. உப்புக் கடலின் ஓரத்தில் நல்ல தண்ணீர் ஊறும் நாழிக்கிணறு இருக்கிறது, மணற்பாறையில் குடைந்த வள்ளி குகை இருக்கிறது, கடலைப் பார்க்காமல் மேற்கே நிற்கும் ஒன்பது நிலைக் கோபுரம் இருக்கிறது. தலபுராணம் சொல்லும் 24 தீர்த்தங்கள் இந்தக் கரையோரம் இருந்தன. அவற்றின் பெயர் பொறித்த கற்கள் கடல் அரித்த மணலிலிருந்து அண்மையில் வெளிப்பட்டதை நீங்களே பார்த்தீர்கள். 24 தீர்த்தம், 24 படம், படத்துக்கு ஓரெழுத்து என்று வைத்தாலே ஒரு தொடர் கிடைத்துவிடும். ஒரு பக்கத்தில் நாகபந்தம் கட்டாயம் இருக்கட்டும். பரிசு வைத்தால் புத்தகமாக வையுங்கள், பணமாக வேண்டாம். மண்வெட்டி தேவைப்படும் துப்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு விடைக்கும் அதைச் சாராத இரண்டாவது சான்று ஒன்றை நூலுக்குள்ளேயே வைத்துவிடுங்கள், பிள்ளை உங்களிடம் வந்து சரியா என்று கேட்க வேண்டிய தேவை வராதபடி. அச்சடித்த முதல் படிகளை ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம், மணப்பாடு, காயல்பட்டினம், ஆறுமுகநேரி ஊர்களின் பள்ளி நூலகங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த கோடை விடுமுறை தொடங்குமுன் அது பிள்ளைகள் கையில் இருக்க வேண்டும்.